சிவப்பு வட்டத்தில் இருந்தவள்

கேக்கின் மேல் அந்தப் படத்தையே அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். வெள்ளைக் கிரீம், அதில் நீலப் புள்ளிகள், புள்ளிகளை இணைக்கும் மெல்லிய கோடுகள், நட்டநடுவே ஒரு பெரிய சிவப்பு வட்டம். எங்கள் ஆய்வகத்தின் தலைவர் டெஸ்மண்ட் விட்லாக் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கத்தியை எடுத்து, சரியாக அந்தச் சிவப்பு வட்டத்தில் குத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். அன்று காலையில்தான் போலீஸ் அந்தச் சிவப்பு வட்டத்தின் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது.

நான் கைதட்டவில்லை. பொறாமை என்று நினைத்தவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். கதவு உடைந்த வீட்டில் இருப்பது யார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது, அதற்குள் கேக் எதற்கு? வாய்விட்டுக் கேட்கவும் செய்தேன். பக்கத்தில் நின்ற ஆராய்ச்சி மாணவி, "உள்ள சாக்லெட் வெச்சிருக்காங்க, தோரா" என்று ஒரு தட்டை என் கையில் திணித்தாள்.

எங்களுடையது பல்கலைக்கழகத்தில் ஒரு குற்றவியல் ஆய்வகம். இணையத்தில் வெறுப்பு பேசுகிறவர்கள், ஆள் சேர்க்கிறவர்கள், ஆயுதத்துக்கு வழி சொல்கிறவர்கள் கூடுகிற தளங்களைத் துழாவுவது வேலை. விட்லாக் உருவாக்கிய மென்பொருளுக்குச் 'சல்லடை' என்று பெயர். அது ஒரு தளத்துக்குள் புகுந்து பதிவுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும். யார் எவ்வளவு வெறுப்புச் சொற்கள் எழுதுகிறார், யாருக்கு எத்தனை பேர் பதில் போடுகிறார்கள் என்று எண்ணும். இரண்டிலும் முந்தி நிற்பவர் யாரோ அவரே தலை; அவரைப் படத்தின் நடுவே சிவப்பு வட்டமாகப் போட்டுப் போலீஸுக்கு அறிக்கை கொடுப்போம். தலையை எடுத்துவிட்டால் உடம்பு தானாக விழுந்துவிடும் என்பது விட்லாக்கின் கொள்கை. அந்தக் கொள்கைக்காக ஒட்டாவாவிலிருந்து அரசுப் பணம் வந்தது, பெரிய திரைகள் வந்தன, கேக்கும் வந்தது.

நான் வேறு காலத்து ஆள். சிறைக்குள் போய், குற்றவாளிக்கு எதிரில் உட்கார்ந்து, அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டுக் கற்றுக்கொண்டவள். ஒருவனைப் பேச வைப்பதற்குள் மூன்று காப்பி ஆறிப் போகும். இப்போது அதற்கெல்லாம் யாருக்கும் பொறுமை இல்லை. ஆய்வகத்தில் என்னை மியூசியத்து எலும்புக்கூட்டைப் போல மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

இதைவிட எரிச்சலூட்டும் விஷயம் ஒன்று உண்டு. எங்கள் ஆய்வகத்தில் யாரும் பதிவுகளைப் படிக்கக் கூடாது. நிஜமாகத்தான் சொல்கிறேன். அந்தச் சாக்கடையைப் படித்தால் ஆய்வாளர்களின் மனநலம் கெடும் என்று அறநெறிக் குழு விதி போட்டிருக்கிறது. படிக்கிற வேலை சல்லடைக்கு. பயிற்சிக்கென்று பொறுக்கி எடுத்த சில மாதிரி வரிகளை மட்டும் நாங்கள் பார்க்கலாம். பார்த்து முடித்ததும் மனம் ஆறத் தடவிக்கொடுக்க நாய் ஒன்றைக் கூட்டிவருவார்கள். நல்ல நாய்தான், அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

மறுநாள் பத்திரிகையில் கைதானவரின் புகைப்படம் வந்தது. சிவப்பு வட்டத்தின் பெயர் லொரெட்டா ஷெவ்சுக். சட்பரிக்கும் வடக்கே ஒரு சின்ன ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், கணவனை இழந்தவர். தளத்தில் அவருடைய புனைபெயர் 'பழைய பூட்ஸ்'. கம்பளித் தொப்பியோடு, கைவிலங்கோடு, எதிரில் இருந்த கேமராவை நேராக முறைத்துக்கொண்டிருந்தார். பிடிபட்டவர்களின் முகங்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். இந்த முகத்தில் பிடிபட்ட களை இல்லை. தன் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்ற எரிச்சல்தான் இருந்தது.

விதி கிடக்கட்டும் என்று உட்கார்ந்து, சல்லடை அள்ளி வைத்திருந்ததில் பழைய பூட்ஸ் எழுதியதையெல்லாம் படித்தேன்.

அந்த அம்மாவுக்கு ஒரு பழக்கம். பதில் போடுமுன் எதிராளி சொன்னதை அப்படியே மேலே தட்டச்சு செய்துவிடுவார். மேற்கோள் காட்டும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மேலே அவன் சொன்னது, கீழே இவர் பதில்.

"வந்தேறிங்களை எல்லாம் கொளுத்தணும்" என்று மேலே இருக்கும். கீழே, "எதை வெச்சுக் கொளுத்துவ? வண்டிக்கு பெட்ரோல் போடக் காசில்லன்னு போன வாரம் அழுதவன்தானே நீ."

"நர்சு வேலையெல்லாம் வெளிநாட்டுக்காரிங்க பிடுங்கிக்கிட்டாளுங்க" என்று மேலே. கீழே, "உங்கப்பனுக்குக் கழுவிவிட நீ போறியா? போ. இங்க ஆஸ்பத்திரில இடம் காலியாத்தான் இருக்கு."

பக்கம் பக்கமாக இப்படியே. தளத்தில் இருந்த அத்தனை பேரும் வரிந்து கட்டிக்கொண்டு வந்து அவரைத் திட்டியிருந்தார்கள். கிழவி, துரோகி, இன்னும் இங்கே எழுத முடியாதவை. அவர் ஒருவரையும் விடவில்லை. எங்கள் சல்லடை என்ன செய்தது? மேலே இருந்த வெறுப்புச் சொற்களையெல்லாம் அவர் கணக்கில் சேர்த்தது. திட்டி வந்த பதில்களையெல்லாம் அவருக்கு வந்த ஆதரவு என்று எடுத்துக்கொண்டது. அந்தக் குப்பைமேட்டில் தனியாளாக நின்று சண்டை போட்டவரை அந்தக் குப்பைமேட்டுக்கே ராணி ஆக்கிவிட்டது. ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு பக்கத்தைப் படித்திருந்தால் போதும். எங்களுக்கோ மனநலம் முக்கியம்.

இன்னொன்றும் படித்தேன். 'மரவெட்டி' என்று ஒருவன். அவனிடம் துப்பாக்கி இருந்தது. பக்கத்து ஊரில் தொழுகைக்குக் கூடுகிற ஒரு இடத்தைப் பற்றி அடிக்கடி பேசினான், எந்த நாளில் கூட்டம் அதிகம் என்பது உட்பட. மற்றவர்கள் அவனை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார்கள். லொரெட்டா மட்டும் அவனிடம் வேறு குரலில் பேசியிருந்தார். சாப்பிட்டியா, தூங்கினியா, உங்கக்காகிட்ட பேசினியா. முதலில் கெட்ட வார்த்தையில் பதில் சொன்னவன், போகப் போகச் சாப்பிட்டதைச் சொல்ல ஆரம்பித்திருந்தான். கடைசியில், "இதை வெச்சிருந்தா ஒரு நாளைக்கு நான் செஞ்சிடுவேன் போலிருக்கு. யாருகிட்ட குடுக்கறது? போலீஸுக்குப் போனா என்னை உள்ள தள்ளிடுவானுங்க" என்று எழுதியிருந்தான். "யோசிக்கலாம். நாளைக்கு வா, சொல்றேன்" என்று லொரெட்டா பதில் போட்டிருந்தார். அந்த நாளைக்குத்தான் போலீஸ் வந்து கதவை உடைத்தது.

தாள்களை எடுத்துக்கொண்டு விட்லாக்கின் அறைக்குப் போனேன்.

"படிச்சியா?" என்றார். அவருக்குத் தோன்றிய முதல் கேள்வியே அதுதான். "விதி இருக்கே தோரா."

"விதியை விடுங்க டெஸ்மண்ட். அந்தம்மா அவனுங்க ஆளே இல்ல. அவனுங்களோட மல்லுக்கு நின்னவங்க. இந்தாங்க, நீங்களே படிங்க."

நான் நீட்டிய தாளை அவர் தொடவில்லை. "நான் படிச்சா என் பார்வை ஒரு பக்கம் சாஞ்சிடும். எண்ணிக்கை சாயாது."

"திட்டினதையும் சேத்து எண்ணியிருக்கு."

"திட்டோ பாராட்டோ, எல்லாரும் அந்தம்மாவைச் சுத்தித்தானே நின்னாங்க? அவங்களை எடுத்ததும் தளம் என்ன ஆச்சு?"

"கலைஞ்சு போச்சு."

"நடுவுல இருக்கறதை எடுத்தா கலையும்னு சல்லடை சொல்லிச்சு. கலைஞ்சிடுச்சு. இதுல தப்பு எங்க இருக்கு, சொல்லு?"

அவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் கொடுமை. சண்டையை விலக்கிவிட்டுக்கொண்டிருந்தவரைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டு, பார், இப்போது இங்கே சண்டையே இல்லை என்கிறார். சண்டைக்காரர்கள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். அங்கே விலக்கிவிட ஒருவரும் இல்லை.

"அவனுங்க எங்க போனானுங்க, பாத்தீங்களா?" என்றேன்.

"வேற எங்கயாவது போயிருப்பாங்க. அது அடுத்த ஆய்வுக்கான கேள்வி."

"மரவெட்டின்னு ஒருத்தன் துப்பாக்கியோட அலையறான். அவனை அந்தம்மா மெல்ல மெல்லக் கரைக்கு இழுத்துக்கிட்டு இருந்தாங்க."

"மரவெட்டி..." என்று திரையில் தேடினார். "இவன் ஓரத்துல இருக்கான். ரொம்பச் சின்னப் புள்ளி. பெருசா எழுதலையே, நாம கவலைப்பட ஒண்ணும் இல்ல."

"டெஸ்மண்ட், போலீஸுக்கு ஒரு வரி எழுதுங்க. எங்க அறிக்கை தப்புன்னு ஒரே ஒரு வரி."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படுகிறவர்களிடம் பேசுவதற்கென்று ஒரு மென்மையான குரல் வைத்திருக்கிறார். அதைக் கேட்டாலே எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். "நாம யாரையும் அடையாளம் காட்டல. ஒரு புனைபெயரைத்தான் குடுத்தோம். அதுக்குப் பின்னால யாருன்னு தேடினது அவங்க. அடுத்த மாசம் நிதிக்குழு வருது, இந்த நேரத்துல நீ இப்படிக் கிளம்பாத. அப்புறம் ஒண்ணு, அந்தம்மாவை நீ போய்ப் பாக்கக் கூடாது. ஆய்வுக்கு உட்பட்டவங்களைத் தொடர்புகொள்றது அறநெறி மீறல்."

அறநெறி. ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, போய்ப் பார்த்தால் அறநெறி மீறலாம். கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். என் வயதில் கதவை அடித்துச் சாத்துவது தோள்பட்டைக்கு நல்லதல்ல, இருந்தாலும் நிம்மதியாக இருந்தது. அந்தத் தாள்களை நானே போலீஸுக்கும் அனுப்பினேன், மரவெட்டியின் பேச்சை மேலே வைத்து. கிடைத்தது என்று ஒரு தானியங்கி பதில் வந்தது.

சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு வடக்கே கிளம்பினேன். பனி உருகிச் சாலையெல்லாம் சேறு. அந்த ஊரில் வழி கேட்கவே வேண்டியிருக்கவில்லை. முன்கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டுப்பலகை அடித்திருந்த வீடு ஒன்றுதான்.

பக்கவாட்டுக் கதவைத் தட்டினேன். ஆண்பிள்ளைச் சட்டையும் வாயில் சிகரெட்டுமாக லொரெட்டா வந்து நின்றார்.

"பத்திரிகையா, சர்ச்சா?"

"பல்கலைக்கழகம்."

"அந்தப் படம் போட்டவங்களா?"

"ஆமா."

கதவு என் முகத்தில் மூடியது. நான் அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்தது.

"குளிருது. உள்ள வந்து திட்டு வாங்கிக்க."

வாங்கிக்கொண்டேன். அடுப்பில் பெரோகி, உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டை, வெந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றாகக் கரண்டியால் எடுத்து வெண்ணெயில் போட்டபடியே என்னையும், விட்லாக்கையும், எங்கள் குலத்தையும் ஒருவர் விடாமல் வைது தீர்த்தார். பிறகு தட்டை என் முன்னால் தள்ளினார். சமையலறை மேசை முழுக்க வக்கீலின் காகிதங்களும் மாத்திரைப் புட்டிகளும் துவைத்த துணியுமாகக் கிடந்ததால் மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டியிருந்தது.

"வக்கீல் அந்தப் படத்தைக் காட்டினான்" என்றார். "நடுவுல செக்கச்செவேல்னு ஒரு பூசணிக்காய். நான் என்ன அவ்ளோ குண்டாவா இருக்கேன்?"

"எதுக்கு அங்க போய் எழுத ஆரம்பிச்சீங்க?"

"எதுக்கா? வேலையத்துப் போயிதான். என் புருஷன் கோர்டன் செத்துப்போன வருஷம், மான்கறி எப்படிப் பதப்படுத்தறதுன்னு தேடினேன். அது எங்கெங்கயோ இழுத்துக்கிட்டுப் போயி அங்க விட்டுது. ஒருத்தன் பிலிப்பைன்ஸ் நர்சுங்களைப் பத்தி எழுதியிருந்தான் பாரு, படிச்சதும் உச்சந்தலைல ஏறிடுச்சு. கோர்டனைக் கடைசி வரைக்கும் குளிப்பாட்டினது ஒரு பிலிப்பைன்ஸ் பொண்ணு. அவன் சொந்தத் தம்பிகூட எட்டிப் பாக்கல. அந்த எழுதின பயலை நாலு வார்த்தை கேட்டேன். அவன் திருப்பிக் கேட்டான். அப்புறம் விட முடியல. சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அது பிடிச்சும் இருந்துது. சண்டை போட வீட்ல ஆள் இல்லியே."

"மரவெட்டி பத்தி..."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "படிச்சியா அதை?"

"படிச்சேன்."

"நீயாவது படிச்சியே. என்னை விசாரிச்ச போலீஸ்காரன், மேல இருந்த வரியை மட்டும் படிச்சான். இந்த வார்த்தையை எழுதினது நீங்கதானேன்னான். ஆமாடா, நான்தான் எழுதினேன், கீழயும் படிடான்னேன். எழுதினதை ஒத்துக்கிட்டாங்கன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டான்." சிகரெட்டை அணைத்தார். "அந்த மரவெட்டி பத்தி போலீஸுக்கு நானே ரெண்டு தடவை போன் போட்டேன். குறிச்சுக்கறோம்னானுங்க. அவனைத் தேடி ஒருத்தனும் போகல. என் கதவை உடைக்க மட்டும் எட்டு பேர் வந்தானுங்க."

என் கோபம் அப்போது எந்தப் பக்கம் பாய்வது என்று தெரியாமல் நின்றது.

வழக்கு இன்னும் மூன்று வாரத்தில் வருகிறது என்றார். அதுவரை பிணையில் வெளியே இருக்கலாம், நிபந்தனைகளோடு. இணையத்தைத் தொடக் கூடாது. அந்தத் தளத்தில் இருந்த யாரோடும் பேசக் கூடாது. வீட்டில் எந்த ஆயுதமும் இருக்கக் கூடாது, கோர்டனின் வேட்டைத் துப்பாக்கியைக்கூட எடுத்துப்போய்விட்டார்கள். ஒன்றை மீறினாலும் பிணை ரத்து, நேரே சிறை. பேருந்து வேலையிலிருந்து ஏற்கெனவே நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"நான் வந்து சாட்சி சொல்றேன்" என்றேன். "எல்லாத்தையும் கோர்ட்ல வாசிச்சுக் காட்டறேன். மேல இருக்கறதையும் கீழ இருக்கறதையும். வழக்கு நிக்காது. நீங்க மூணு வாரம் எதுலயும் தலையிடாம சும்மா இருந்தா போதும்."

"உன் வேலை போயிடாது?"

"போனா போகுது."

முதல் தடவையாக என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சும்மா இருக்கறதுன்னா எனக்கு வராதே, கண்ணு" என்றார். இருந்தாலும் சிரித்தார். இன்னும் இரண்டு பெரோகி என் தட்டில் விழுந்தன. வேலை திரும்பக் கிடைத்தால் முதலில் கதவை மாற்றுவேன், பச்சை நிறத்தில், கோர்டனுக்குப் பச்சையே பிடிக்காது என்றார்.

அப்போதுதான் வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

ஜன்னல் வழியே பார்த்தோம். சேறு அப்பிய பழைய பிக்கப் வண்டி. முப்பது வயதிருக்கும் ஒருவன் இறங்கினான், மெலிந்தவன், நாலைந்து நாள் தாடி. பின் இருக்கையிலிருந்து போர்வையில் சுற்றிய நீளமான ஒன்றைத் தூக்கினான். அது என்ன என்று இந்த நாட்டில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

லொரெட்டா பக்கவாட்டுக் கதவைத் திறந்து படியில் நின்றார். நான் அவருக்குப் பின்னால். அவன் சேற்றிலேயே நின்றான், கிட்டே வரவில்லை.

"நீங்கதான் பழைய பூட்ஸா?"

"யாரு கேக்கறது?"

"பேப்பர்ல படம் பாத்தேன். ஊர் பேரும் போட்டிருந்துது. நான் கர்டிஸ். மரவெட்டி. நாளைக்கு வான்னு சொன்னீங்க. வந்தேன், நீங்க இல்ல. அப்புறம் அந்தத் தளமே இல்ல."

இனி லொரெட்டா வாயைத் திறந்தால் ஒரு நிபந்தனை உடையும். அவன் படியேறினால் இன்னொன்றும் உடையும். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "பேசாதீங்க. உள்ள போங்க. நான் பாத்துக்கறேன்."

அவனைப் பார்த்துச் சொன்னேன். "தம்பி, அதை என்கிட்ட குடு. நான் வாங்கிக்கறேன். இல்ல, அங்கயே வண்டியிலயே வை, போலீஸை நானே கூப்பிடறேன்."

போலீஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவன் ஒரு அடி பின்னால் போனான். "நீ யாரு? உன்னை எனக்குத் தெரியாது." போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டான். "எல்லாரும் வேற இடத்துக்குப் போயிட்டானுங்க. என்னையும் கூப்பிட்டானுங்க. அங்க யாரும் சாப்பிட்டியான்னு கேக்கறதில்ல. எப்போ செய்யப் போறேன்னுதான் கேக்கறானுங்க." அவன் அழுதுகொண்டிருந்தான், அது அவனுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். "அந்தம்மா வாங்கிக்கிட்டா குடுக்கறேன். இல்லன்னா நான் போறேன்."

போகிறேன் என்றால் எங்கே? எந்த நாளில் அங்கே கூட்டம் அதிகம் என்று அவன் எழுதியதை நான் படித்திருந்தேன். லொரெட்டாவும் படித்திருந்தார்.

"வக்கீலுக்குப் போன் பண்ணலாம்" என்றேன் அவர் காதோடு. "அஞ்சே நிமிஷம்."

"அஞ்சு நிமிஷம் அவன் நிக்க மாட்டான்."

"லொரெட்டா, வாங்கினீங்கன்னா உங்களை உள்ள தள்ளிடுவாங்க."

"தெரியும்ல. இங்கிலீஷ், பிரெஞ்சு, ரெண்டு மொழியிலயும் கையெழுத்துப் போட்டிருக்கேன்." என் கையை எடுத்துவிட்டார். "நீ போயி மேசையைக் கொஞ்சம் ஒழி, கண்ணு. அந்தக் காகிதமெல்லாம் கீழ கெடக்கட்டும்."

நான் நின்றேன். ஒரு நொடி முழுதாக நின்றேன். பிறகு உள்ளே போய் மேசையில் இருந்ததையெல்லாம் இரண்டு கையாலும் வாரித் தரையில் தள்ளினேன். மாத்திரைப் புட்டிகள் உருண்டன.

வெளியே அவர் குரல் கேட்டது. "டேய், பூட்ஸைக் கழட்டிட்டு வா. தரையெல்லாம் சேறு பண்ணாத."

அவன் காலணியைக் கழற்றிவிட்டு வந்தான். ஒரு காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. போர்வையோடு அதை நீட்டினான். லொரெட்டா இரண்டு கையாலும் வாங்கினார், பிரித்தார், குண்டு இருக்கிறதா என்று பழகிய கையால் பார்த்தார். இருந்தது. வெளியே எடுத்தார். எல்லாவற்றையும் மேசையில் வைத்தார். பிறகு அவனை நாற்காலியில் உட்காரவைத்து என் தட்டையே அவன் முன்னால் வைத்தார்.

"சாப்பிடு. நான் இப்போ போலீஸைக் கூப்பிடப் போறேன். ஓடணும்னா ஓடு, நான் தடுக்கல. ஆனா அது இங்கதான் இருக்கும்."

அவன் ஓடவில்லை. சாப்பிட்டான்.

போன தடவை குறித்துக்கொண்டவர்கள் இந்தத் தடவை சீக்கிரமாகவே வந்தார்கள். துப்பாக்கி என்னுடையது, நானே கொண்டுவந்து கொடுத்தேன் என்று கர்டிஸ் சொன்னான். லொரெட்டா கூப்பிட்டதால்தான் நீங்களே வந்தீர்கள் என்று நான் கத்தினேன். நீங்கள் யார் என்று கேட்டார்கள். சொன்னேன். பல்கலைக்கழகம் என்றதும் அந்த அதிகாரியின் முகம் மலர்ந்தது. "ஓ, அந்தப் படம் போட்டவங்க" என்றார். நிபந்தனை நிபந்தனைதான், தளத்து ஆளோடு பேச்சு, வீட்டில் ஆயுதம், இரண்டும் கண்ணெதிரே இருக்கிறது, மற்றதை நீதிபதியிடம் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார். லொரெட்டா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு, அவர்களுக்கு முன்னால் தானாகவே நடந்துபோய் வண்டியில் ஏறினார். அவனை வேறு வண்டியில் ஏற்றினார்கள். அவன் திரும்பித் திரும்பி அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டே போனான்.

நான் அந்தச் சமையலறையில் உட்கார்ந்து தரையில் கிடந்த மாத்திரைகளைப் பொறுக்கினேன். அவற்றைச் சிறைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை விட்லாக் போனில் கூப்பிட்டார். குரலில் கேக் வெட்டிய அன்றைய குஷி.

"தோரா, கேள்விப்பட்டியா? அந்தம்மா வீட்ல துப்பாக்கி கிடைச்சிருக்கு. தளத்து ஆள் ஒருத்தனும் கூடவே பிடிபட்டிருக்கான். நான் சொன்னேன்ல, எண்ணிக்கை சாயாதுன்னு? நிதிக்குழுவுக்கு இதைத்தான் முதல் பக்கத்துல போடப் போறேன். நீ என்னமோ அன்னிக்கு அப்படிக் குதிச்ச. பரவால்ல, நான் மனசுல வெச்சுக்கல."

"போடுங்க டெஸ்மண்ட்" என்றேன். "துப்பாக்கி எங்க இருந்துதுன்னும் போடுங்க."

"சமையலறை மேசை மேலன்னு சொன்னாங்க."

"ஆமா. அதை வைக்க மேசையை ஒழிச்சுக் குடுத்தது நான்தான்."